ஆரியுஸுக்கு ஒரு பாட்டு

கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்திக்குக் கிரீடம் பத்தவில்லை. போன கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது ராஜா வைத்திருந்த அதே அட்டைக் கிரீடம்தான். ஏரோதுவாக நடித்தவருக்குத் தலை சின்னது. இந்தச் சக்கரவர்த்தியோ பாலக்கரையில் பிரியாணிக் கடை நடத்துகிறவர். தலையும் சரி, வயிறும் சரி, தாராளம்.

“டீச்சர், குனிஞ்சா விழுந்துடுதுங்க” என்றார்.

“ரோமாபுரிக்கே ராஜா சார் நீங்க. எதுக்குக் குனியறீங்க?” என்றாள் பேட்ரிசியா. சொல்லிவிட்டு மேடையைப் பார்த்தாள். ஒத்திகைக்கு வரவேண்டிய ஆயர்களில், அதாவது பிஷப்புகளில், பாதிப் பேரைக் காணோம். அந்தியோக்கியா ஆயர் கல்யாண வீட்டுக்காக லால்குடி போயிருந்தார். எருசலேம் ஆயருக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஷிப்ட். வந்தவர்களிலும் இரண்டு பேர் மேடை ஓரத்தில் உட்கார்ந்து செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருச்சபை வரலாற்றின் முதல் பெரும் சங்கம் இந்த லட்சணத்தில் கூடியிருந்தது.

பேட்ரிசியா கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவள். ஆதித் திருச்சபையின் கதையைக் கரைத்துக் குடித்து முனைவர் பட்டம் வாங்கியவள். ஞாயிறுதோறும் பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பும் அவள்தான் எடுக்கிறாள். நீசேயா நகரில் ஆயர்கள் கூடிய சங்கத்துக்கு இந்த வருடத்தோடு ஆயிரத்து எழுநூறு வயது என்று எல்லாரும் பேச ஆரம்பித்ததும் பங்குச்சாமியாருக்கு அவள் ஞாபகம் வந்தது. “டீச்சர், திருவிழாவுக்கு ஒரு நாடகம் போட்டுடுவோம். முக்கால் மணி நேரம். ஜனங்களுக்குப் புரியற மாதிரி” என்றார்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சங்கத்தைக் கூட்டவைத்த சண்டை என்ன சாதாரணச் சண்டையா? அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்று ஒரு குரு இருந்தார். நெட்டையான, ஒல்லியான, பக்தியான மனிதர். அவர் சொன்னது யாருக்கும் சுலபமாகப் புரியும். கடவுளைத் தந்தை என்கிறோம், இயேசுவை மகன் என்கிறோம்; அப்பாவுக்குப் பிறகுதானே பிள்ளை? ஆகவே மகன் எவ்வளவு உயர்ந்தவரானாலும் கடவுளால் உண்டாக்கப்பட்டவர்தான், கடவுள் அல்ல. இதைக் கேட்டுப் பாதி ஊர் தலையாட்டியது, பாதி ஊர் கொதித்தது. கொதித்தவர்களில் முக்கியமானவர் அத்தனாசியார் என்ற இளம் திருத்தொண்டர், குருவுக்கு ஒரு படி கீழே இருந்தவர். கடைசியில் சக்கரவர்த்தியே ஆயர்களைக் கூட்டி உட்காரவைத்தார். மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று சங்கம் முடிவு கட்டி, ஆரியுஸை நாடு கடத்தியது.

அந்த முடிவைத்தான் பெரிய திருநாள்களில் விசுவாசப் பிரமாணமாகக் கோயிலில் சொல்கிறார்கள். எப்படிச் சொல்கிறார்கள் என்கிறீர்கள்? மூச்சு விடாமல், அடுத்த வரிக்குத் தாவி, வெளியே நிறுத்திய பைக்கை யாராவது மறித்துவிட்டார்களா என்று யோசித்துக்கொண்டே சொல்கிறார்கள். வாக்கியம் எல்லாருக்கும் மனப்பாடம். அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பேட்ரிசியாவுக்குப் பொறுக்காதது இதுதான். அந்தக் காலத்தில் ரொட்டிக் கடையிலும் சந்தையிலும் ஜனங்கள் இதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே ஒரு தடவை தன் பங்கு மக்களும் விடையை மறந்துவிட்டுக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அதற்கு ஆரியுஸ் நன்றாகப் பேசவேண்டும், ஜெயித்துவிடுவாரோ என்று பயம் வரும்படி பேசவேண்டும். அப்படித்தான் லீவு முழுக்க உட்கார்ந்து எழுதினாள்.

ஆசைப்பட்டால் ஆயிற்றா? விழாக் குழு என்று ஒன்று இருக்கிறதே.

“நம்ம ஊருக்கு வந்த தோமையார் இல்லாம எப்படி டீச்சர்?” என்றார் ஒருவர். தோமையார் அதற்கு இருநூறு வருடத்துக்கு மேல் முன்னாலேயே இறந்துவிட்டார் என்று சொல்லிப் பார்த்தாள். “ஆவியா வரட்டுமே” என்றார். இன்னொருவர் வாட்ஸப்பில் வந்த படத்தைக் காட்டினார். அதில் புனித நிக்கோலாஸ், நம் கிறிஸ்துமஸ் தாத்தாவேதான், ஆரியுஸைக் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தார்.

“இது நடந்ததே இல்லை சார். பின்னாடி யாரோ கட்டிவிட்டது.”

“கட்டினதா இருந்தா என்னங்க? அறை விழுந்தா கைதட்டல் விழும்ல?”

பங்குச்சாமியார் அறைக்கு ஓட்டுப் போட்டார். தோமையாரை மட்டும் அவளால் தடுக்க முடிந்தது.

பங்கில் தெருவாரியாகப் பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற குழுவுக்கு அன்பியம் என்று பெயர். ஒவ்வோர் அன்பியமும் இரண்டு ஆயர்களைத் தரவேண்டும் என்று ஏற்பாடு. ஆயர் வேஷத்துக்கு அடிபிடி. கோயிலின் பழைய திரைச்சீலையைக் கிழித்து மேலங்கி தைத்ததில், யாருக்குச் சரிகைக்கரை வந்தது என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டவர்கள்கூட உண்டு. ஆனால் ஆரியுஸாக நடிக்க ஒரு ஆள் கிடைக்கவில்லை. “பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கேன் டீச்சர். சபைக்குத் துரோகி, பதிதன்னு பேர் ஒட்டிக்கிட்டா அவ்வளவுதான்” என்று கும்பிடு போட்டு நழுவினார்கள். கடைசியில் பாடகர் குழுவில் பாடும் பிரான்சி முன்வந்தான். மேலப்புதூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், முப்பது வயதுக்காரன். “எனக்கென்ன டீச்சர், பொண்டாட்டியும் இல்ல, கெடறதுக்குப் பேரும் இல்ல” என்றான். அவன் குரல் தேன். அது ஒன்றுதான் பேட்ரிசியாவுக்குக் கிடைத்த நல்ல காரியம்.

அத்தனாசியார் விஷயத்தில் அவளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அந்த வேஷம் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அருள்ராஜுக்கு விழுந்தது. திருச்சி ஜங்ஷனில் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவர். இரண்டு வருடத்துக்கு முன் மனைவி பவித்ராவைப் பறிகொடுத்தார். அதற்குப் பிறகும் பூசைக்குத் தவறாமல் வருவார். கடைசி பெஞ்சில் உட்காருவார். யாரோடும் இரண்டு வார்த்தை பேசமாட்டார். மனுஷன் நாலு பேரோடு பழகட்டும் என்று அன்பியத்தார்தான் வற்புறுத்தி அவர் பெயரைச் சீட்டில் எழுதிப் போட்டார்கள்.

“மகன் தந்தையோடு ஒரே பொருளானவர். அவர் கடவுள் இல்லை என்றால் நமக்கு மீட்பு இல்லை” என்று அருள்ராஜ் படித்தார். மதுரை வண்டியில் சீட் இல்லை என்று சொல்கிற அதே குரல்.

“சார், உங்களுக்குக் கோவம் வரணும். இது உயிர் போற விஷயம்.”

“இவருக்கு ஏன் டீச்சர் இவ்வளவு கோவம்?”

“மகன் வெறும் படைப்புன்னு ஆயிட்டா, அவரால நம்மளக் காப்பாத்த முடியாதுல்ல? அதனால.”

“ஆமாங்க, அடுத்த பக்கத்துல எழுதியிருக்கீங்க. படிச்சேன்” என்றார் அருள்ராஜ். மறுபடியும் படித்தார். மறுபடியும் மதுரை வண்டியில் சீட் இல்லை. பேட்ரிசியா தலையில் அடித்துக்கொண்டாள். வேஷத்தை மாற்றலாமா என்று கேட்டதற்கு, “சும்மா இருக்கட்டும் டீச்சர், பாவம்” என்றார்கள் அன்பியத்தார். ஒவ்வோர் ஒத்திகையிலும் அவரை வசனம் சரியாகப் படித்துவிட்டு வரச் சொன்னாள். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

பாட்டு யோசனை ஸ்ரீரங்கத்தில் பிறந்தது. பேட்ரிசியாவின் கல்லூரியில் சங்கீதம் சொல்லிக்கொடுக்கிற வத்ஸலாவின் வீடு தெற்கு உத்திர வீதியில் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மனக்குறையைக் கொட்டவேண்டும் போலிருந்தது. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் இடிபட்டு, காவிரிப் பாலத்தில் அரை மணி நேரம் ஊர்ந்து, வியர்த்து வழிந்து போய்ச் சேர்ந்தாள்.

“வாங்கோ, வாங்கோ. மொதல்ல தீர்த்தம் சாப்பிடுங்கோ. அப்புறம் திட்டலாம்” என்றாள் வத்ஸலா.

பேட்ரிசியா தண்ணீரைக் குடித்துவிட்டு எல்லாரையும் திட்டினாள். மகன் தந்தைக்குச் சமமா, இல்லையா, இதுதான் நாடகத்தின் உயிரே. அது ஒருவருக்கும் உறைக்கவில்லை, உங்களுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று ஆரம்பித்தாள்.

“எனக்கா?” என்று வத்ஸலா சிரித்தாள். “எங்காத்து சண்டையே இதுதானே. என் பிறந்தாம் வடகலை. பெருமாளோட பத்தினி தாயார் அவருக்குச் சமம், அவரை மாதிரியே எங்கும் நிறைஞ்சவள்னு சொல்லுவா. நான் வாழ்க்கைப்பட்டது தென்கலை. இங்கே, தாயாரும் ஒரு ஜீவன்தான், ரொம்ப ஒசந்த ஜீவன், நமக்காகப் பெருமாள்கிட்ட பரிஞ்சு பேசறவள்னு சொல்லுவா. என் கல்யாணப் பந்தியிலே எங்க சித்தப்பாவும் என் மாமனாரும் இதை ஆரம்பிச்சா. சாத்துமது ஆறிப்போச்சு, ஒருத்தரும் எழுந்திருக்கலை.”

பேட்ரிசியா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். இருபது வருடமாக மறைக்கல்வி எடுக்கிறாள், இப்படி ஒரு பந்திச் சண்டையை அவள் பங்கில் பார்த்ததில்லை. “அப்புறம் யார் ஜெயிச்சாங்க?”

“யார் ஜெயிப்பா? ஆனா ரெண்டு பேரும் தாயார் சந்நிதிக்குப் போனா அழறா.”

ஆரியுஸ் தன் கொள்கையைப் பாட்டாகக் கட்டினாராம், கப்பலோட்டுகிறவர்களும் மாவரைக்கிறவர்களும் பாடும்படி மெட்டுப் போட்டாராம் என்று பேட்ரிசியா பேச்சுவாக்கில் சொன்னாள். வத்ஸலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “மனுஷர் கெட்டிக்காரர். சொல்லுங்கோ, ரெண்டு வரி எழுதுங்கோ.” செஞ்சுருட்டி ராகத்தில், ஓடம் தள்ளுகிற நடையில் அவள் முனக ஆரம்பித்தாள். பேட்ரிசியா எழுதினாள்.

ஊற்றுக்குப் பின்னே தானே ஆறு, ஏலேலோ
அப்பனுக்குப் பின்னே தானே பிள்ளை, ஏலேலோ
பிள்ளை இல்லாத காலம் உண்டு, ஏலேலோ
இல்லை என்பவர் கையைத் தூக்கு, ஏலேலோ

பாடி முடித்த வத்ஸலா புருவத்தைச் சுளித்தாள். “எதிராளிக்கு இவ்வளவு நல்ல பாட்டைக் குடுக்கறேளே. உங்க ஆளுக்குப் பாட்டு கிடையாதா?”

“அவருக்கு வாதம் இருக்கு.”

“வாதமா!” என்றாள் வத்ஸலா. அவள் சிரித்த சிரிப்பு பேட்ரிசியாவுக்குப் பிடிக்கவில்லை.

பிரான்சி அந்தப் பாட்டை ஒத்திகையில் பாடியபோது கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த ஆயர்கள் செல்போனை அணைத்தார்கள். இரண்டாம் தடவை பாடியபோது ஏலேலோ போட்டார்கள். மூன்றாம் தடவைக்குச் சக்கரவர்த்தியே சிம்மாசனத்தில் தாளம் தட்டினார், கிரீடம் விழுந்தது, யாரும் கவலைப்படவில்லை. பேட்ரிசியா வீட்டுக்கு நடந்து போகும்போது கால் தரையில் பாவவில்லை.

அந்தப் பாட்டு அவளுக்கு முன்பே ஊருக்குள் போய்விட்டது. பிரான்சியின் கடைக்கு வந்தவர்கள் அதைச் செல்போனில் ஏற்றி வாங்கிப் போனார்கள். பிரியாணிக் கடையில் தேக்சா கழுவுகிறவர் பாடினார். கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிற அம்மாள் பாடினாள். காந்தி மார்க்கெட் ஷேர் ஆட்டோவில் முன்பின் தெரியாத ஒரு ஆள் பிள்ளை இல்லாத காலம் உண்டு என்று முனகியபோது பேட்ரிசியாவுக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அலெக்சாந்திரியாவிலும் இப்படித்தான் ஆரம்பித்திருக்கும். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், இந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று அவளிடம் வந்து கேட்பார் என்று காத்திருந்தாள். மெட்டு நல்லாயிருக்கு டீச்சர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வினை வந்தது. நற்கருணை அப்பம் வாங்கிவிட்டு எல்லாரும் முழந்தாளிட்டிருந்த அமைதியில், கீபோர்டு வாசிக்கிறவர் பழக்கதோஷத்தில் செஞ்சுருட்டியைத் தொட்டுவிட்டார். விரல் தானாகப் போயிற்றாம். பாடகர் குழுவில் இரண்டு பெண்கள் கண்ணை மூடியபடியே எடுத்துக் கொடுத்தார்கள். அவ்வளவுதான், கண்ணை மூடி, கை குவித்து, உருக்கமாக, ஒரு கத்தோலிக்கக் கோயிலே நற்கருணையில் இருக்கிற இயேசுவிடமே, பிள்ளை இல்லாத காலம் உண்டு, ஏலேலோ என்று பாடியது.

பங்குச்சாமியாருக்கு இறையியல் மறக்கவில்லை. பூசை முடிந்த கையோடு பேட்ரிசியாவை அழைத்தார். உடுப்பைக்கூட மாற்றவில்லை.

“பாட்டு கிடையாது. ஆரியுஸுக்கு வசனமும் கிடையாது. வரட்டும், வில்லன் மாதிரி சிரிக்கட்டும், அறை வாங்கட்டும், போகட்டும்.”

“ஃபாதர், ஆரியுஸ் பேசலைன்னா சங்கம் எதுக்குக் கூடணும்? அத்தனாசியார் யாருக்குப் பதில் சொல்வாரு?”

“ஜனங்க குழம்பிடுவாங்க டீச்சர்.”

“குழம்பட்டுமே ஃபாதர்! ஒரு தடவையாவது குழம்பட்டும். குழம்பாமலே ஒப்பிச்சு ஒப்பிச்சு என்ன கண்டோம்?”

“நீங்க காலேஜ்ல பேசறீங்க. நான் இவங்களுக்குச் சாவு எடுக்கறேன், கல்யாணம் பண்ணி வைக்கிறேன். என்கிட்ட வந்து அழறவங்களுக்கு நான் சந்தேகத்தையா குடுக்க முடியும்?” என்றார் சாமியார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. “இதுக்குச் சம்மதம்னா நாடகம். இல்லைன்னா ஆர்க்கெஸ்ட்ரா வெச்சுக்கறோம்.”

நாடகத்தைத் தூக்கி எறிந்துவிடலாம் என்றுதான் பேட்ரிசியா முதலில் நினைத்தாள். ஆனால் மேலங்கிகள் தைத்தாயிற்று. பிரியாணிக் கடைக்காரர் கிரீடத்துக்குள் பஞ்சு வைத்துத் தைத்து, மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் பார்த்துச் சந்தோஷப்பட்டிருந்தார். அவரிடம் போய் என்ன சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகக் கோடு போட்டு அடித்தாள். ஆரியுஸ் ஊமையானார். நிக்கோலாஸின் அறை தங்கியது. அத்தனாசியாரின் வாதம் முழுக்க இருந்தது, ஆனால் எதிரே கேள்வி இல்லாத வாதம், சுவரைப் பார்த்துப் பேசுகிற வாதம். இனிமேல் இந்தப் பங்கில் வாயே திறப்பதில்லை, திருவிழா முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பையும் விட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

திருவிழா அன்று சாயங்காலம் கோயில் மைதானம் நிரம்பியிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலி கிடைக்காதவர்கள் மதில் மேல் உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் சாமியார். அவருக்கு நாலு நாற்காலி தள்ளி, பட்டுப்புடவையும் நெற்றியில் ஸ்ரீசூர்ணக் கீற்றுமாக வத்ஸலா. பேட்ரிசியா மேடையின் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நின்றாள், கையில் வெட்டுப்பட்ட வசனத்தோடு, யாருக்கும் எடுத்துக்கொடுக்க ஆசை இல்லாமல்.

ஆயர்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள். சக்கரவர்த்தி கிரீடம் விழாமல் பேசினார், கைதட்டல் கிடைத்தது. கறுப்பு அங்கியில் ஆரியுஸ் நுழைந்தார். பிரான்சி நடு மேடைக்கு வந்து நின்று, சொல்லிவைத்தபடி, ஹா ஹா ஹா என்று சிரித்தான். சிரிப்பு எடுபடவில்லை. அவனுக்குப் பாடத்தான் தெரியும். ஹா ஹா முடிந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். நிக்கோலாஸ் வெள்ளைத் தாடியைச் சரிசெய்துகொண்டு அறைவதற்கு எழுந்தார்.

அப்போது பின்னாலிருந்து, மதில் பக்கமிருந்து, யாரோ ஊற்றுக்குப் பின்னே தானே ஆறு என்று எடுத்தார்கள். பிரான்சியின் பாட்டு வரவேண்டிய இடம் காலியாக இருந்தது, அவர்களுக்குப் பாட்டு தெரியும், நிரப்பிவிட்டார்கள். முதல் ஏலேலோவுக்கு ஒரு வரிசை சேர்ந்தது, இரண்டாவதுக்கு மைதானமே. பிரான்சி பயந்துபோய் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். நான் இல்லை ஃபாதர், நான் பாடலை என்று கண்ணாலேயே சொன்னான். சாமியார் எழுந்து நின்று கையை ஆட்டினார். அதைத் தாளம் என்று நினைத்தவர்கள் இன்னும் உரக்கப் பாடினார்கள். பிள்ளை இல்லாத காலம் உண்டு, ஏலேலோ. இல்லை என்பவர் கையைத் தூக்கு, ஏலேலோ. கடைசி வரிக்கு ஒரே சிரிப்பு.

பேட்ரிசியாவுக்கு அழுகை வந்தது. அவள் கேட்டது இதையா? கேள்வி கேட்கச் சொன்னால் இப்படியா, கல்யாண வீட்டுக் கச்சேரி மாதிரி? இரண்டாம் தடவையும் பாட்டு சுற்றி வந்து கடைசி வரியில் நின்றது. இல்லை என்பவர் கையைத் தூக்கு.

மேடையில் ஒரு கை உயர்ந்திருந்தது.

அருள்ராஜ். ஆயர்களுக்குப் பின்னால், திருத்தொண்டர் நிற்கவேண்டிய ஓரத்தில் நின்றிருந்தவர். வகுப்பில் பிள்ளைகள் தூக்குகிற மாதிரி நேராகத் தூக்கியிருந்தார். முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு பார்த்தவர்கள் பாட்டை நிறுத்தினார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்கள் நிறுத்தினார்கள். மதில் மேல் இருந்தவர்கள் கடைசியாக நிறுத்தினார்கள். அவர் கையை இறக்கவில்லை.

“நான் இல்லைன்னு சொல்றேன்” என்றார்.

அது பேட்ரிசியா எழுதிய வசனம் இல்லை. அவள் பக்கத்தைப் புரட்டினாள், புரட்டிக்கொண்டே கேட்டாள்.

“பவித்ராவை உள்ள வெச்சிருந்தப்ப என்னை விடலை. ஐசியு வாசல்ல உக்காந்திருந்தேன். கண்ணாடி வழியாகூடப் பாக்க விடலை. உள்ள அவ தனியா கெடந்தா. பயந்தவ அவ, கரண்ட் போனாக்கூட என் கையப் புடிச்சுக்குவா.” குரல் உடையவில்லை, கவுண்டர் குரலேதான், கொஞ்சம் வேகமாக. “அவகூட யாரு இருந்தது? சொல்லுங்க. கடவுள் தான் வராம, உண்டாக்கின ஒருத்தர அனுப்பி வெச்சாரா? நான் வர முடியல, நீ போய்ப் பாத்துட்டு வான்னு? அப்படின்னா எனக்கு அந்தக் கடவுள் வேணாங்க. எனக்கு அவரே வந்திருக்கணும். அவரே அந்தக் கட்டில்ல அவ பக்கத்துல கெடந்திருக்கணும்.”

யாரோ குழந்தை அழுதது, உடனே அமர்த்தினார்கள்.

“அவரேதான் இருந்தாரு. அப்படி நம்பித்தான் நான் இங்க வந்து உக்கார்றேன். இல்லைன்னா ரெண்டு வருஷமா எதுக்கு வர்றேன்?” என்றார் அருள்ராஜ். பிறகு பிரான்சியின் பக்கம் திரும்பினார். “நீ நல்லாப் பாடற தம்பி. ஆனா அது அப்படி இல்ல.”

கையை இறக்கினார். தான் எங்கே நிற்கிறோம் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தவர் போல, இரண்டடி பின்னால் போய்ப் பழைய இடத்திலேயே நின்றுகொண்டார்.

ஒருவரும் கைதட்டவில்லை. அறைவதற்கு வந்து நடு மேடையில் நின்றிருந்த நிக்கோலாஸ் தன் கையை என்ன செய்வதென்று தெரியாமல் தாடிக்குள் விட்டுக்கொண்டார். சக்கரவர்த்தி தன் வசனத்தை மறந்து கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு அடுத்த வரியை எடுத்துக்கொடுக்க வேண்டியவள் பேட்ரிசியாதான். அவள் கொடுக்கவில்லை. சாமியார் உட்காராமல் நின்றபடியே இருந்தார். நாடகத்தின் கடைசியில் சங்கம் முழுக்க எழுந்து விசுவாசப் பிரமாணம் சொல்வதாக இருந்தது. சாமியார்தான் அதைக் கீழேயிருந்து மெதுவாக ஆரம்பித்தார். ஜனங்கள் எழுந்து சேர்ந்துகொண்டார்கள். ஒரே பொருளானவர் என்ற இடம் வந்தபோது யாரும் அடுத்த வரிக்குத் தாவவில்லை. சிலர் மேடை ஓரத்தைப் பார்த்தார்கள், சிலர் தரையைப் பார்த்தார்கள், அந்த வார்த்தையை ஒரு கனமான பொருளை இறக்கி வைப்பது போல வைத்தார்கள்.

எல்லாம் முடிந்து, மேடைக்குப் பின்னால் ஆயர்கள் மேலங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சாமியார் வந்தார். அருள்ராஜின் தோளை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றார். போகும்போது பேட்ரிசியாவிடம், “அந்தப் பாட்டை இனிமே பூசையில வாசிக்காம பாத்துக்குங்க டீச்சர்” என்று மட்டும் சொன்னார். வத்ஸலா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓரமாக நின்றாள். வாதத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அருள்ராஜ் மேலங்கியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பேட்ரிசியாவிடம் வந்தார். தப்புச் செய்துவிட்டு நிற்கிற முகம்.

“மன்னிச்சுக்குங்க டீச்சர். எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டுத்தான் வந்தேன். கடைசியில உங்க வசனம் ஒண்ணுகூட ஞாபகம் வரல. நாடகத்தைக் கெடுத்துட்டேன்.”

பேட்ரிசியா அவர் கையிலிருந்த மேலங்கியை வாங்கிக்கொண்டாள். எத்தனை ஒத்திகையில் இந்த மனிதரிடம் எரிந்து விழுந்திருப்பாள்! ஆயிரத்து எழுநூறு வருடத்துக் கேள்வியை ஊரெல்லாம் தேடினாளே, அது கடைசி பெஞ்சில் பதிலோடு உட்கார்ந்திருந்தது.

“அன்பியத்துல அடுத்த மாசம் இன்னொரு தடவை போடலாமாங்கறாங்க. அதுக்குள்ள நல்லாப் படிச்சுட்டு வந்துடறேங்க” என்றார் அவர்.

“வேணாம் சார்” என்றாள் பேட்ரிசியா. “படிக்காதீங்க.”